கார்ட்டூனுக்கு ஓசை கொடுக்கும் தொழில்

சென்ற ரமலானுக்குச் சில நாட்களுக்கு முன்பு நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த வாலிபர். சென்னையில் சிறுவர்களுக்கான கார்ட்டூன் படங்களைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறார். படம் வரைவது அவருடைய வேலை அல்ல. வரைந்து முடித்த படத்துக்கு ஓசை சேர்ப்பதே அவருடைய வேலை. காற்று, மழை, காலடி, கதவு, பறவை எல்லாம் அவர் பொறுப்பு. சில நேரங்களில் இசை கோர்க்கும் இடத்திலும் உதவிக்கு அமர்த்தப்படுவதுண்டு. அவருடைய கடிதத்தின் பிற்பகுதியை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

"ஹஜ்ரத், ஊரில் ஒருவர் என் சம்பளம் முழுவதும் ஹராம் என்று சொல்லிவிட்டார். அன்று முதல் உம்மா என் பணத்தில் வாங்கிய அரிசியைத் தொடுவதில்லை. மாமா வீட்டிலிருந்து வரும் அரிசியில் தனியாக உலை வைக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது. எனக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். இருக்கலாமா, விலக வேண்டுமா என்று ஒரு வரி எழுதினால் போதும்."

ஒரு வரி எழுதுவது நமக்கு எளிதுதான். அலமாரியில் கிதாபுகள் இருக்கின்றன, இசைக் கருவிகளைப் பற்றிய பாடம் எந்தக் கிதாபில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதும் தெரியும். ஆனால் ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பொருள் இன்னதென்று விளங்கியிருக்க வேண்டும் என்று மதரஸாவில் நம் உஸ்தாத்மார்கள் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "ஓசை சேர்ப்பது" என்றால் என்னவென்று நமக்கு விளங்கவில்லை. விளங்காததை ஹலால் என்றோ ஹராம் என்றோ எழுதி ஒரு தாயின் அடுப்பைப் பிரிக்கவும் சேர்க்கவும் நமக்குத் துணிவு வரவில்லை. வேறொரு வேலையாகச் சென்னை சென்றபோது, அந்தத் தம்பியைச் சந்தித்து, "உங்கள் தொழிலை எனக்குக் காட்டுங்கள்" என்றோம்.

அவர் அழைத்துச் சென்ற இடம் ஒரு சிறிய அறை. சுவரெல்லாம் பஞ்சு அடைத்திருந்தது. தரையில் சிறு சிறு தொட்டிகள். ஒன்றில் மணல், ஒன்றில் ஜல்லி, ஒன்றில் காய்ந்த இலை, ஒன்றில் மரப்பலகை. மூலையில் பழைய செருப்புகளும் பூட்ஸுகளும், ஜும்ஆ நேரத்துப் பள்ளிவாசல் படியைப் போலக் குவிந்து கிடந்தன. அலமாரியில் கொட்டாங்கச்சிகள், தோல் கையுறைகள், சாவிக்கொத்துகள், தகரத் தகடுகள், கண்ணாடித் தாள்கள். காயலான் கடைக்குள் வந்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தோம்.

பதிவு தொடங்கும் முன் ஏ.சி. இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அதன் இரைச்சல் கூடப் பதிவாகிவிடுமாம். திரையில் ஒரு முயல் ஓடியது. ஓசை எதுவும் இல்லை. தம்பி திரையைப் பார்த்தபடியே இரண்டு கைகளாலும் காய்ந்த இலைகளின் மீது விரல்களை ஓட்டினார். முயலின் கால் தரையில் பட்ட அந்த நொடியிலேயே விரலும் இலையில் பட்டது. முடிந்ததும் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பொறியாளர் ஏதோ சொன்னார். தம்பி சங்கடத்துடன் நம்மைப் பார்த்தார். விசாரித்தபோது, கஞ்சி போட்ட நமது ஜிப்பா நாம் கையை அசைத்தபோதெல்லாம் சரசரத்து, முயலுக்குப் பின்னால் வேறு யாரோ பதுங்கி வருவது போல் பதிவாகியிருக்கிறது! மீண்டும் ஒரு முறை எடுத்தார்கள். இம்முறை நாம் மூச்சையும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தோம்.

இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயரால் வழங்குகிறது. ஊமைப் படங்கள் பேசத் தொடங்கிய காலத்தில், 1929-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஷோ போட்' என்ற படத்துக்காக, ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே ஓசைகளை எழுப்பிப் பதிவு செய்யும் முறையை அவரும் அவருடைய தோழர்களும் கையாண்டார்கள். இன்றைக்கும் முறை அதுவேதான். நாடா போய்க் கணினி வந்துவிட்டது. செருப்பும் மணலும் மட்டும் மாறவில்லை. குதிரை ஓட வேண்டுமா, இரண்டு கொட்டாங்கச்சி. நெருப்பு எரிய வேண்டுமா, கண்ணாடித் தாளைக் கசக்க வேண்டும். பறவை சிறகடிக்க, தோல் கையுறை ஒரு ஜோடி. பனியில் நடக்க, சோளமாவு நிரப்பிய தோல் பை. மழைக்கு, ஈயத் தாளின் மேல் அரிசியைச் சிந்தினால் போதும்.

மிருகங்களின் குரலுக்கு அவர்கள் படும் பாட்டைக் கேட்டால் வியப்பாக இருக்கும். 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தில் அந்தப் பெரிய குரங்கின் உறுமலுக்காக மர்ரி ஸ்பிவாக் என்பவர் சிங்கம், புலி ஆகியவற்றின் கர்ஜனைகளைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்தும் பின்னிருந்து முன்னாக ஓட்டியும் சேர்த்தார். ஒரு பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அதன் குரல் ஒரு முழு ஸ்தாயி இறங்கிவிடும் என்பது இதன் கணக்கு. ஜப்பானில் 1954-ஆம் ஆண்டு 'காட்ஜில்லா' எடுத்தபோது எந்த மிருகத்தின் குரலும் பொருந்தவில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனைப்படி, நரம்புகளைத் தளர்த்திய ஒரு பெரிய பேஸ் வாத்தியத்தின் மீது பிசின் தடவிய தோல் கையுறையால் உரசினார்கள். அதுதான் அந்தப் பூதத்தின் ஓலம். 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' டைனோசரின் கர்ஜனைக்குள் ஒரு யானைக் குட்டியின் பிளிறல் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டபின் நாம் தம்பியிடம், "மனிதர்கள் நடிக்கும் படத்துக்கும் கார்ட்டூனுக்கும் இதில் என்ன வேறுபாடு?" என்றோம். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை. நடிகர்கள் நடிக்கும் இடத்தில் மைக் இருக்கும். அங்கே காற்று வீசினால், காகம் கத்தினால், அதுவும் கொஞ்சம் பதிவாகும். வேண்டாததை நீக்கிவிட்டு வேண்டியதைச் சேர்ப்பார்கள். கார்ட்டூனிலோ தானாக வந்து சேரும் ஓசை எதுவுமே இல்லை. வரைந்த மரம் அசையும், சலசலக்காது. வரைந்த வாய் திறக்கும், மூச்சு வராது. ஆகவே கார்ட்டூனில் கேட்கும் ஒவ்வோர் ஓசையும், ஈ பறக்கும் சத்தம் உட்பட, யாரோ ஒருவர் "இங்கே இது கேட்கட்டும்" என்று நினைத்து வைத்தது.

அறியாமல் நிகழ்ந்தது என்று சொல்ல இடமே இல்லாத தொழில் இது. நிய்யத்தைப் பற்றிப் பேசும் நமக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

ஓசையைப் படத்தோடு பொருத்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு. சினிமாப் படம் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகத்தில் ஓடுவது. 12 சட்டங்களுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு கிடைக்கும். கார்ட்டூனில் இந்தத் தட்டை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு அதற்கேற்பப் படம் வரைவதும் உண்டு. வால்ட் டிஸ்னி 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் வெளியிட்ட 'ஸ்டீம்போட் வில்லி' அப்படிப் பிறந்ததுதான். அந்தப் படம் முழுமையாவதற்கு முன் டிஸ்னியின் ஆட்கள் தங்கள் மனைவிமாரைத் திரைக்கு முன்னால் அமர வைத்து, தாங்கள் மறைவில் நின்று மௌத் ஆர்கன் ஊதியும் பாத்திரங்களைத் தட்டியும், ஓசையும் படமும் ஒட்டுகிறதா என்று சோதித்துப் பார்த்தார்களாம். 1940-இல் தொடங்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி' பூனை எலிக் கதைகளை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். அவற்றில் பேச்சு மிகக் குறைவு. ஸ்காட் பிராட்லியின் இசையும் ஓசைகளுமே கதையைச் சொல்லிவிடும். பூனை அடிபட்டு அலறும் அந்த அலறல் அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான வில்லியம் ஹன்னாவின் சொந்தக் குரல்.

முக்கியமான இன்னொரு விவரம். படம் முடிந்ததும் இயக்குநரும் இசையமைப்பாளரும் ஓசைக்காரரும் கூடி அமர்ந்து, இந்த இடத்தில் இசை, இந்த இடத்தில் மௌனம், இந்த இடத்தில் இன்ன ஓசை என்று நொடிக் கணக்கோடு குறித்துக்கொள்கிறார்கள். பின்னர் பேச்சு ஒரு தடத்தில், காலடி முதலியவை ஒரு தடத்தில், இடி மழை முதலியவை ஒரு தடத்தில், இசை ஒரு தடத்தில் எனத் தனித்தனியே பதிவாகி, கடைசியில்தான் கலக்கப்படுகின்றன. வேற்று மொழியில் டப்பிங் செய்யும்போது பேச்சுத் தடத்தை மட்டும் மாற்றிக்கொள்வது இதனால்தான். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறோம் என்றால், தடங்கள் தனித்தனி என்றால் அவற்றின் சட்டமும் தனித்தனி. "சம்பளம் முழுவதும்" என்று ஒரே வீச்சில் சொன்னவருக்கு இந்த விவரம் தெரியாது. நமக்கும் அந்த அறைக்குள் போகும்வரை தெரியாதுதான்.

அவர் கேட்ட கேள்வி

முதலில் சாதாரண ஓசைகளை எடுத்துக்கொள்வோம். மணலில் நடப்பதும் தகரத்தைத் தட்டுவதும் தம்மளவில் ஆகுமானவை. அதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இராது. இல்லாத மழையை இருப்பதாகக் கேட்கச் செய்வது பொய்யாகாதா என்று தம்பி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். கார்ட்டூன் பார்க்கும் குழந்தைக்கும் முயல் பேசாது என்பது தெரியும். பார்ப்பவரும் செய்பவரும் கதை என்று அறிந்து கூடும் இடத்தில் பொய் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் செய்தியாகவும் சாட்சியமாகவும் காட்டப்படும் படத்தில் நடக்காத துப்பாக்கிச் சத்தத்தையோ, எழாத கூக்குரலையோ சேர்த்தால் அது பொய்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஓர் இனம் உண்டு. காட்டு விலங்குகளைப் பற்றிய படங்களில் மிருகம் வெகு தொலைவில் நிற்கிறது. லென்ஸ் அதை அருகில் கொண்டுவந்துவிடும், மைக்கால் அது முடியாது. ஆகவே அந்த மிருகத்தின் காலடி பெரும்பாலும் இது போன்ற ஓர் அறையில்தான் பிறக்கிறது. இதைக் கேட்டதும் நமக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆயினும் இதனால் எவருடைய உரிமையும் பாழாகவில்லை என்பதால் குற்றம் என்று சொல்ல மாட்டோம்.

அடுத்தது மனிதக் குரல். தொழுகைக்கு மக்களை அழைப்பது எப்படி என்று மதீனாவில் ஆலோசித்தபோது, கிறிஸ்தவர்களைப் போல் மணி அடிக்கலாம் என்று சிலரும், யூதர்களைப் போல் கொம்பு ஊதலாம் என்று சிலரும் சொன்னதையும், முடிவில் பிலால் (ரலி) அவர்களின் குரல் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒரு மனிதனின் தொண்டை போதும் என்று முடிவான வரலாறு அது. ஆகவே கருத்தில் குற்றமில்லாத பாட்டைக் கருவியின்றிப் பாடுவதிலும் பதிவு செய்வதிலும் தடையில்லை.

கருவிகள் விஷயம்தான் கடினம். மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை இமாம்கள் நரம்புக் கருவிகளையும் ஊதும் கருவிகளையும் தடுத்தே இருக்கிறார்கள். புகாரியில் இடம்பெற்ற, கருவிகளை ஆகுமாக்கிக்கொள்ளும் கூட்டத்தாரைப் பற்றிய ஹதீஸ் அவர்களுடைய முதல் ஆதாரம். அதன் அறிவிப்பாளர் தொடர் துண்டிக்கப்பட்டது என்று கூறி இப்னு ஹஸ்ம் அதை ஏற்கவில்லை. தொடர் இணைந்தே இருக்கிறது என்பதை இமாம் இப்னு ஹஜர் விரிவாக நிறுவியிருக்கிறார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபிலேயே மின்ஹாஜ் ஓதிய மாணவர்களுக்கு ஓர் இடம் நினைவிருக்கும். மேய்ப்பர்கள் ஊதும் குழலை இமாம் ராஃபிஈ தடுக்கவில்லை. இமாம் நவவீயோ தடுக்கப்பட்டது என்பதே மிகச் சரியானது என்று திருத்தினார்கள். தஃப் அடிப்பது திருமணத்திலும் கத்னாவிலும் ஆகும். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் தஃப் அடித்துப் பாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை, தடுக்க முனைந்த அபூபக்ர் (ரலி) அவர்களை விட்டுவிடச் சொன்னார்கள் என்பது பிரபலமானது.

இமாம் கஸ்ஸாலீ இஹ்யாவில் இதற்கென்றே ஒரு தனிப் பகுதி எழுதியிருக்கிறார்கள். இனிமையாக இருக்கிறது என்பதனால் ஓர் ஓசை ஹராமாகிவிடாது, அப்படியானால் பறவைகளின் குரலையும் கேட்கக் கூடாதென்றாகிவிடும், குறிப்பிட்ட சில கருவிகள் தடுக்கப்பட்டது அவை மதுக்கூட்டத்தாரின் அடையாளமாக இருந்ததனால் என்பது அவர்களுடைய கருத்தின் சாரம். இந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு இன்று சிலர் வாசலை அகலத் திறக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். நம் மத்ஹபின் தீர்ப்பையே தம்பிக்கு எழுதினோம். இசைத் தடத்தில் உதவி செய்யும் வேலையிலிருந்து விலகிக்கொள்ளுங்கள், ஓசைத் தடத்தில் தாராளமாக இருங்கள் என்றோம். கடந்த நான்கு ஆண்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி ஓசைக்கானது. அது ஹலால். எஞ்சியதோ அறியாமல் செய்தது, அதுவும் இமாம்கள் கருத்து வேற்றுமை கொண்ட ஒன்று. அதை வட்டிப் பணத்தோடும் திருட்டுப் பணத்தோடும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அநீதி. உம்மா அந்த அரிசியை உண்ணலாம்.

குரலை மட்டும் பதிவு செய்து, கணினியில் முறுக்கி, வயலினைப் போலவே கேட்கும்படி மாற்றும் வித்தையும் இருப்பதாகத் தம்பி சொன்னார். "குரல்தானே ஹஜ்ரத்?" என்றார். கேட்பவருக்கு வயலின் என்றே தோன்றுமானால், குரல்தான் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதில் என்ன பயன்? குரல் குரலாகவே கேட்கட்டும் என்றோம். அவருக்கு இது அவ்வளவாகத் திருப்தி அளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. (உருவம் வரைவது பற்றிய கேள்வியும் கார்ட்டூனில் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களில் இருந்த சிறகு முளைத்த குதிரையைப் பற்றிய ஹதீஸிலிருந்து அதைத் தொடங்க வேண்டும். அது தனிப் பாடம்.)

அவர் கேட்காத கேள்வி

விடைபெறும் முன் தம்பி ஒரு சிறு சோதனை செய்து காட்டினார். பத்து நொடிப் படம். இரவில் ஒரு பெரியவர் ஒரு வீட்டு வாசலை நோக்கி நடந்து வருகிறார், அவ்வளவுதான். முதலில் அடித்தொண்டை உறுமல் போன்ற ஓர் ஓசையுடன் போட்டார். திருடன் வருகிறான் என்று நம் மனம் சொல்லிற்று. அடுத்து அதே படத்தை, சில்வண்டுச் சத்தமும் சாவிக்கொத்தின் மெல்லிய ஓசையும் சேர்த்துப் போட்டார். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொண்டு தகப்பனார் வீடு திரும்புகிறார்! ஒரு கோடு கூட மாறவில்லை. மாறியது நம் உள்ளம். நம்மிடம் அனுமதி கேட்காமலே மாற்றிவிட்டார்.

இது எவ்வளவு வலிமையானது என்பதற்குத் திரைப்பட வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. ஹிட்ச்காக் 1960-இல் 'சைக்கோ' எடுத்தபோது, குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு கிறீச்சிடும் ஓர் இசையை அமைத்துக் காட்டியபின் மனம் மாறினார். அதே ஹிட்ச்காக் 1963-இல் 'தி பேர்ட்ஸ்' என்ற படத்தில் பின்னணி இசையையே விலக்கிவிட்டு, மின்கருவியில் உண்டாக்கிய பறவை ஓசைகளாலேயே அச்சத்தை ஏற்படுத்தினார்.

நமது வரலாற்றைத் தொட்ட படங்களிலும் இந்தச் சிக்கல் வந்தது. முஸ்தஃபா அக்காத் 1976-இல் வெளியிட்ட 'அர்-ரிஸாலா' படத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் திருவுருவமும் காட்டப்படவில்லை, குரலும் கேட்கவில்லை. அவர்கள் அங்கே இருப்பதை உணர்த்த மெல்லிய ஆர்கன் இசையை வைத்தார்கள். இசை மாரிஸ் ஜார். அந்த இசை ஆஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது. 1978-இல் நடந்த அந்த விழாவில் பரிசு 'ஸ்டார் வார்ஸ்' இசைக்குப் போயிற்று. பழைய புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும் டெலிவிஷன் குழாயின் இரைச்சலையும் கலந்து ஒளிவாளுக்கு ஓசை தந்த பென் பர்ட், ஓசைகளுக்கான சிறப்புப் பரிசு பெற்றதும் அதே விழாவில்தான். 'அர்-ரிஸாலா'வை நாம் பார்த்தோம், மறைப்பானேன்? கண்ணுக்கு மறைத்த கண்ணியம் நம்மைத் தொட்டது. அந்த ஆர்கன் ஓசைதான் உறுத்தியது. பாலைக் காற்றும், பேச்சடங்கிய சபையும் போதுமே என்று நமக்குப் பட்டது. வேறு சிலர் அந்த இசை கேட்டுக் கண்ணீர் வடித்ததாகவும் சொல்கிறார்கள்.

2015-இல் ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி எடுத்த படத்துக்கு இசையமைத்தவர் நம் சென்னையின் ஏ.ஆர். ரஹ்மான். மும்பையிலிருந்து ஓர் அமைப்பு அதற்காக அவர் மீது ஃபத்வா வெளியிட்டது. அவர் கோபப்படாமல், தாம் மார்க்க அறிஞர் அல்ல என்றும், படத்தை எடுத்தவர் தாமல்லர், இசைதான் அமைத்தவர் என்றும், மறுமையில் இதை ஏன் மறுத்தாய் என்று கேட்கப்பட்டால் என்ன சொல்வது என்ற எண்ணமே தம்மை ஒப்புக்கொள்ள வைத்தது என்றும் பகிரங்கமாக விளக்கினார். அவருடைய முடிவு நம்முடைய முடிவு அல்ல. ஆனால் மறுமைக் கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு கலைஞர் தம் வேலையை யோசித்தார் என்பதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் 36-ஆம் வசனத்தில், விசாரிக்கப்படும் உறுப்புகளில் செவிதான் முதலில் வருகிறது.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது தம்பி திடீரென்று மௌனமானார். பிறகு ஒரு விஷயத்தைச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்தில் கடைத்தெருக் காட்சி வந்தது. கதையில் அங்கே ஒரு குழந்தை கடத்தப்படப் போகிறது. "சூழ்நிலைக்கு ஏதாவது போடு" என்றார்கள். கணினியில் சேமித்து வைத்திருந்த ஒரு பாங்கொலியை எடுத்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, அடியில் வைத்துவிட்டார். காட்சி பதினோரு நொடியில் முடிந்தது. பாங்கும் அங்கேயே பாதியில் அறுந்தது.

"அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை ஹஜ்ரத். ஊரில் சொன்னவரும் வயலினைத்தான் கேட்டார்."

நாம் சற்று நேரம் பேசவில்லை. கடத்தல் காட்சி என்றால் பாங்கு, வெடிகுண்டு என்றால் அரபுக் குரல் ஒன்றின் இழுவை என்று படங்களில் வைத்து வைத்து, பாங்கு கேட்டாலே ஏதோ நடக்கப் போகிறது என்ற எண்ணத்தைப் பிற சமயச் சகோதரர்களின் பிள்ளைகளிடம் விதைத்துவிட்டார்கள் என்று நாமே மேடைகளில் குறைபட்டிருக்கிறோம். அதை வைத்தவர்கள் யாரோ வெளியூர்ப் பகைவர்கள் என்று நினைத்திருந்தோம். ஐந்து வேளை தொழும் நம் வீட்டுப் பிள்ளையும், வேலை முடிய வேண்டுமே என்ற அவசரத்தில், அதையே எடுத்து வைத்திருக்கிறார்! கெட்ட எண்ணம் இல்லை. எண்ணமே இல்லை. எண்ணாமல் எதுவும் வைக்க முடியாத தொழில் என்று சற்று முன்னால் அவரே சொன்னார்.

நான்கு ஆண்டுச் சம்பளத்தைவிட அந்தப் பதினோரு நொடிகளைப் பற்றி அதிகம் கவலைப்படுங்கள் என்று சொன்னோம். தவ்பாவோடு நிற்காமல், முடியுமானால் அந்தத் தடத்தைத் திருத்தவும் முயலச் சொன்னோம். தடங்கள் தனித்தனி என்பதால் அது முடியாத காரியமல்ல. குர்ஆன் ஓதலையும் பாங்கையும் சூழ்நிலைக்கான சத்தமாக எங்கும் வைக்காதீர்கள், இசைக்கு அடியிலும் வைக்காதீர்கள். ஒரு பள்ளிவாசல் ஊரைக் காட்ட வேண்டுமானால் ஹவ்ளில் ஒளூச் செய்யும் நீரின் ஓசை இருக்கிறது, வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை இருக்கிறது, மாலையில் மதரஸா விட்டு ஓடும் பிள்ளைகளின் இரைச்சல் இருக்கிறது. அவற்றைப் போய்ப் பதிவு செய்யுங்கள். தொப்பியும் தாடியுமாய் ஒருவரை எவரோ வரைந்து கொடுக்கும்போது, அவர் பின்னால் உறுமல் வைப்பதா சாவிக்கொத்து வைப்பதா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்த நாற்காலியில் நீங்கள் இருப்பதே நல்லது, விலக வேண்டாம் என்றோம்.

ஷவ்வாலில் அவரிடமிருந்து மறு கடிதம் வந்தது. இசைத் தடத்து வேலையை விட்டுவிட்டாராம். அதனால் மாத வருமானம் குறைந்திருக்கிறது. பாங்கு இருந்த காட்சியைத் திருத்துவதற்கு நிறுவனத்தார் முதலில் மறுத்து, பிறகு, வேறு மொழிக்கு டப்பிங் செய்யும் பிரதியில் மட்டும் மாற்றிக்கொள்ள ஒப்பினார்கள். பழைய பிரதி பழையபடியே இருக்கிறது. அதை எண்ணி வருந்தியிருந்தார். நம் ஜிப்பாவின் சரசரப்பை அழிக்காமல் வைத்திருந்து, ஒரு கொக்கு சிறகு விரிக்கும் இடத்தில் சேர்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்!

பெருநாளுக்கு ஊர் சென்றபோது நம்முடைய பதிலை உம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. "அப்படி என்னதான் வேலை செய்கிறாய்?" என்று மட்டும் கேட்டாராம். தம்பி சமையலறையில் தொடாமல் கிடந்த தன் அரிசி மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி, ஒரு ஈயத் தாளை விரித்து, உம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு மெல்லச் சிந்தினார். உம்மா கண்ணைத் திறக்காமலே, கொடியில் துணி காய்கிறதே என்று எழுந்துவிட்டார். பிறகு கண்ணைத் திறந்து பார்த்து, பரக்கத்தைத் தரையில் சிந்துகிறாயே என்று ஏசிக்கொண்டே குனிந்து ஒவ்வோர் அரிசியாகப் பொறுக்கி முறத்தில் போட்டாராம்.

அன்று எந்த அரிசியில் உலை வைத்தார் என்பதைத் தம்பி எழுதவில்லை.